ஏழடி ரூமுக்குள்ள ஆறரையடி பீரோ

உக்காருங்க. எல்லாரும் உக்காருங்கய்யா, பின்னால சுவத்துல சாஞ்சு நிக்கிற ரெண்டு பேரும் சேத்துத்தான். பேச்ச நிறுத்துங்க. செல்போன மடியில கட்டுங்க. வெத்தல போடுறவக வாயில ஒதுக்கிட்டுச் சத்தமில்லாம மெல்லுங்க. நான் இப்ப ஒரு பீரோவ மாடி ரூமுல நிமித்தப் போறேன். நிமித்தி முடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் தும்மக்கூடாது, ஏன்னா அதுக்கு அடியில ஒரு மனுசன் முதுகக் குடுத்து நிக்கிறான். சோணமுத்துன்னு பேரு. திருமங்கலத்துல சுமை தூக்குற ஆளுகளுக்கு மேஸ்திரி. வயசு அம்பத்திரண்டு, மீசை மட்டும் முப்பதுல நிக்குது. ஊருல யாரு எப்படிப் பேசுனாலும் அப்படியே பேசிக் காட்டுவான், எமன் வந்து நின்னாலும் எமன மாதிரியே இருமிக் காட்டுற பய. அவன் மண்டைக்குள்ள ஒரு கால் மணி நேரம் என்ன ஓடுச்சுங்கிறதுதான் சங்கதி. வெளிய பாத்தா ஒண்ணுமே நடக்கல. ஒரு பீரோ நிக்காம நின்னுக்கிட்டு இருந்துச்சு, அம்புட்டுத்தான்.

வெள்ளிக்கெழம காலைல பத்தேகாலு. சங்கரபாண்டி வாத்தியாரு வீட்டு மாடி ரூமு. அவரு மகனுக்குக் கல்யாணம் முடிஞ்சு மூணாம் நாளு. பொண்ணு வீட்டுச் சீரெல்லாம் முன்னாலயே வந்துருச்சு, பெயிண்டு காயலன்னு பீரோ மட்டும் இன்னைக்கு வந்துருக்கு. ஆறரை அடி ஒசரம், மூணடி அகலம், ஒண்ணரை அடிக்குக் கொஞ்சம் கூட ஆழம், கதவுல ஆளு ஒசரக் கண்ணாடி. வேன்ல இருந்து எறக்குன ஒடனே வாத்தியாரு சம்சாரம், ஊரே வாத்தியாரம்மான்னு கூப்புடும், அது ஒரு சட்டம் போட்டுச்சு. பீரோவ மல்லாக்கப் படுக்க வைக்கக் கூடாது. புதுப்பொண்ணு ரூமுக்குள்ள ஒரு சாமான் மல்லாக்கப் படுத்துப் போனா அது பொணம் போனதுக்குச் சமானமாம். குப்புறப் போட்டா கண்ணாடி நொறுங்கும். மிச்சம் என்ன இருக்கு, ஒருக்களிச்சுத்தான். சரி, ஒருக்களிச்சே போவோம்னு சோணமுத்துவும் கூட்டாளிக தவசியும் ராக்கப்பனும் கயிறு போட்டுப் பதினேழு படி ஏத்தி, ஆறடி வாசப்படிக்குள்ள ஒருக்களிச்சபடியே நொழச்சு, உள்ள கொண்டாந்து தலமாட்டத் தூக்கி நிமித்துனாங்க. பாதி நிமிந்துச்சு. இன்னும் கொஞ்சம் நிமிந்துச்சு. டொக்குன்னு ஒரு சத்தம். மேல் மூலை போய்த் தளத்துல முட்டிக்கிருச்சு. கால் மூலை தரையில ஊனி, மேல் மூலை தளத்துல ஊனி, சரிஞ்ச கூரை மாதிரி நிக்குது பீரோ, அந்தக் கூரைக்கு அடியில சோணமுத்து. தவசி ஒரு பக்கம், ராக்கப்பன் ஒரு பக்கம், ரெண்டு பேரும் சும்மா அணைப்புக்கு. கனம் பூராவும் நடு ஆளு மேல. பத்தரைக்கு ராகுகாலம் பொறக்குது. அதுக்குள்ள பீரோ நிக்கணும், நிக்கலேன்னா வந்த வழியே எடுத்துட்டுப் போயிரட்டும்னு வாத்தியாரம்மா பொண்ணோட அப்பாகிட்ட மூஞ்சிக்கு நேராவே சொல்லிருச்சு. எடுத்துட்டுப் போறதுன்னா யாரு முதுகுல? பதினேழு படியும் எறங்கி, யாரு முதுகுல?

முதுகப் பத்தி நெனைக்கப்படாதுன்னு சோணமுத்து நெனச்சான், நெனச்ச ஒடனே அது ஒண்ணுதான் நெனப்புல நின்னுச்சு, இடுப்புக்கு மேல நாலு வெரக்கடை, நட்டெலும்புல புளியங்கொட்ட அளவுக்கு ஒரு எடம், அங்க யாரோ குத்த வச்சு உக்காந்து ஊதுபத்திய மெல்லக் காட்டுற மாதிரி, இன்னும் சுடல, சுடப்போறேன்னு மட்டும் சொல்லுது. வேணாம். வேற எதையாச்சும் பாப்போம். அந்தா வாத்தியாரப் பாப்போம், பாத்தா சிரிப்பு வரும், சிரிப்பு வந்தா வலி தெரியாது. ரிட்டயராகி ஆறு வருசமாச்சு, இன்னும் சட்டப்பையில சாக்பீசு. மத்தவன் பையில பீடி இருக்கும், பஸ் டிக்கெட்டு இருக்கும், இந்த மனுசனுக்குச் சாக்பீசு, சோறு திங்கும்போதும் எலையில கோடு போட்டுத்தான் பெசைவாரு போல. பீரோ முட்டி நின்னுச்சுல்ல, மத்த ஆளா இருந்தா ஐயையோன்னு ஓடியாந்து கை குடுப்பான், இவரு ரெண்டு கையையும் தூக்கி, அசைக்காதீங்க, அப்படியே இருக்கட்டும், நல்லா அமைஞ்சிருக்குன்னாரு. அமைஞ்சிருக்காம். எங்க முதுகுல வந்து அமைஞ்சிருக்கு. அமைஞ்ச கையோட சாக்பீச எடுத்து புதுப் பெயிண்டு மேல, கண்ணாடி மேல, இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் சர்ருன்னு ஒரு கோடு. பொண்ணோட அப்பா தர்மலிங்கம் படியோரமா நின்னவரு, அந்தக் கோடு அவரு நெஞ்சு மேல போட்ட மாதிரி மூச்சப் பிடிச்சாரு. இதுதான்யா கர்ணம், செங்கோண முக்கோணத்தில் கர்ணத்தின் வர்க்கமானது மற்ற இரு பக்கங்களின் வர்க்கங்களின் கூடுதலுக்குச் சமம், அப்படின்னு மூக்கால ஆரம்பிச்சு தொண்டையில கொண்டுபோய் முடிப்பாரு. சோணமுத்துக்கு அந்தக் கொரலு அத்துபடி. டீக்கடையில இத அவன் நூறு தடவ பேசிக் காட்டிருக்கான், ஒரு வடைய எடுத்து இது வட்டம், இதன் விட்டமானதுன்னு ஆரம்பிச்சாப் போதும், கடைக்காரனே சிரிச்சுப் பாலக் கொட்டிருவான். இப்பக் கூட வாய்க்குள்ள வருது. வந்து பல்லுல நிக்குது. வாயத் தொறந்தா மூச்சுப் போயிரும், மூச்சுப் போனா அந்தப் புளியங்கொட்ட எடம், வேணாம்னுல்ல சொன்னேன், அங்க போகாத.

கணக்காம் கணக்கு. இந்தக் கணக்கு இந்த ஊருல யாருக்கு என்ன பண்ணிருக்கு? அன்னைக்கு ரேசன் கடையில இருந்து மூட்டையத் தூக்கிக்கிட்டுப் பள்ளிக்கூட மைதானத்துக்குள்ள நொழஞ்சா, வேப்ப மரத்தடியில இந்தாளு. நில்லுங்கப்பா, நீங்க ஓரமா மேக்க அறுவது தப்படி, அப்புறம் வடக்க எம்பது தப்படி போனா நூத்தி நாப்பது, குறுக்க போனா நூறே நூறுதான், நாப்பது தப்படி மிச்சம்னாரு. தலையில ஒரு மூட்டை அரிசிய வச்சுக்கிட்டு ஒருத்தன் நிக்கிறான், அவன நிறுத்தி நாப்பது தப்படி மிச்சம் பண்ணித் தர்றாரு, நிக்க வச்ச நேரத்துல நானூறு தப்படி போயிருக்கலாம். நாங்க குறுக்க தானேய்யா போய்க்கிட்டு இருந்தோம். மைதானத்துக் குறுக்க ஒத்தையடித் தடம் அழுந்திக் கெடக்கே, அத எந்தச் சூத்திரம் போட்டுச்சு? வண்ணான் கழுதை போட்டுச்சு. கழுதைக்குத் தெரிஞ்சத இந்த மனுசன் முப்பத்தஞ்சு வருசம் பெரம்பு வச்சுச் சொல்லிக் குடுத்திருக்காரு. அப்புறம் அந்த ஏணி. பெயிண்டர் வேல்சாமி அவரு வீட்டுச் சுவத்துல ஏணி சாத்துறான், இவரு கீழ நின்னு, சுவர் பன்னெண்டடி, ஏணி பதிமூணடி, அப்ப ஏணிக் காலு சரியா அஞ்சடி தள்ளி வரணும், போடு. அவனும் அளந்து பாத்தான். அஞ்சாவது அடியில சாக்கடை. சார், இங்க சாக்கடை இருக்குன்னான். இவரு குனிஞ்சு பாத்துட்டு, சாக்கடை கணக்குல வராதுன்னாரு. வராது சார். கணக்குல சாக்கடையும் வராது, முதுகும் வராது. மூணு எழுத்துதான் வரும், ஏ, பி, சி. இப்ப என்ன எழுதுறாரு? அந்தா சுவத்துல ஏ போடுறாரு, பி போடுறாரு. வெள்ளை அடிச்ச சுவத்துல வெள்ளைச் சாக்பீசால எழுதுறாரு, எழுதுனது அவருக்கே சரியாத் தெரியல, மூக்குக்கண்ணாடியக் கழட்டித் தொடைக்கிறாரு. ரூமே அவரு கட்டுன ரூமுதான? ஊரு ஒலகத்துல பத்தடிக்குத் தளம் போடுறான், இவரு கொத்தனாரு கூட ஒக்காந்து கணக்குப் போட்டு, ஆறடிக்கு மேல வளந்தவன் எங்க வம்சத்துல இல்ல, ஏழடி போதும்னு செங்கல்லக் கொறச்சவரு. ஒசரக் கணக்கு, அகலக் கணக்கு, கோணக் கணக்கு அம்புட்டும் தெரிஞ்ச ஆளு கட்டுன ரூமுல ஒரு பீரோ நிக்க மாட்டேங்குது. அவன் அவன் வீட்டுல ஆடு கட்டுறானே, அந்தக் கொட்டாய்லயே நிக்கும்.

பத்து பதினெட்டுன்னு வாத்தியாரம்மா சொல்லுச்சு. நிமிசத்துக்கு நிமிசம் சொல்லுது, ஸ்டேசன்ல ரயிலுக்குச் சொல்லுற மாதிரி, பயணிகளின் கனிவான கவனத்திற்கு, ராகுகாலம் இன்னும் சற்று நேரத்தில் ஒண்ணாவது நடைமேடைக்கு வந்து சேரும். சொல்லிட்டு ஒவ்வொரு தடவையும் தர்மலிங்கத்த ஒரு பார்வை. அந்த மனுசன் பாவம், பஸ்ல கண்டக்டரா இருந்தவரு, ஊரையே உள்ள போ உள்ள போன்னு தள்ளுனவரு, இங்க வந்து தன் மக வீட்டுப் படியில ஓரமா நிக்கிறாரு, தோள் துண்ட எடுத்து மொகத்தத் தொடைக்கிறாரு, திரும்பப் போடுறாரு, திரும்ப எடுக்குறாரு, பாத்துப்பா, பாத்துங்கிறாரு. என்னத்தப் பாக்குறது, என் கண்ணுல சுண்ணாம்பு விழுந்து கெடக்கு. மேல முட்டுன எடத்துல தளம் உதிந்து பொடியாக் கொட்டுது, கண்ணு இமையில ஒக்காருது, தொடைக்கக் கை இல்ல. மாப்ள என்ன பண்றாரு? பட்டப்பகல்ல செல்போன்ல லைட்டப் போட்டு முட்டுன எடத்துக்கு வெளிச்சம் காட்டுறாரு. இஞ்சினியராம். தளத்துக்கும் பீரோவுக்கும் நடுவுல எம்புட்டு எடம் இருக்குன்னு பாக்குறாராம். எடம் இல்லாததாலதானய்யா முட்டிக்கிட்டு நிக்குது. அப்பன் சாக்பீசு, மகன் லைட்டு, ஆத்தா கடிகாரம். நல்ல குடும்பம். இதுக்குள்ள வந்து விழுந்திருக்கு பாரு அந்தப் பொண்ணு, நாகசோதி. வாசப்படியில செம்போட நிக்குது. காலைல இருந்து அது வாயத் தொறந்து சோணமுத்து பாக்கல. தண்ணி குடுத்துச்சு, பேச்சில்ல. கயிறு எடுத்துக் குடுத்துச்சு, பேச்சில்ல. அவங்க அப்பன அத்தனை பேரு முன்னாடி எடுத்துட்டுப் போகச் சொன்னப்பக் கூடத் தலையக் குனிஞ்சு செம்பப் பாத்துச்சு. சீரா ரெண்டு வந்துருக்கு இந்த வீட்டுக்கு, ரெண்டும் பேசாது, அதுல ஒண்ணுல கண்ணாடி இருக்கு. அப்படின்னு நெனச்சுச் சோணமுத்து தனக்குள்ளயே சிரிச்சான். சிரிச்சது தப்பு. சிரிப்பு வயித்துல எறங்கி இடுப்புல போய்த் தட்டுச்சு, அந்த எடம் கண்ணத் தொறந்துருச்சு.

ஐப்பசியில அப்படித்தான் ஆரம்பிச்சுச்சு. மண்டபத்துல ஒரு கிரைண்டரு, கல்லுக் கிரைண்டரு, அதத் தூக்கித் திரும்புறான், உள்ளுக்குள்ள ஒரு சத்தம், காஞ்ச குச்சி ஒடியிற மாதிரி, வேற யாருக்கும் கேக்கல. கிரைண்டர எறக்கி வச்சுட்டு சிரிச்சுக்கிட்டே நடந்து போய்ச் செவுத்துக்கு அந்தப் பக்கம் விழுந்தான். மதுரைல டாக்டரு படத்த வெளிச்சத்துல காட்டி, இது பாருங்க, இந்த எலும்புக்கும் இந்த எலும்புக்கும் நடுவுல வாஷர் மாதிரி ஒண்ணு, அது பிதுங்கிருச்சு, இனிமே கனம் தூக்குனா நடக்க முடியாமப் போயிரும்னாரு. தவசிகிட்ட பழனிக்கு மாலை போட்டுருக்கேன், நடந்து போறேன்னு சொல்லிட்டுப் பன்னெண்டு நாளு மச்சினன் வீட்டுப் பலகையில மல்லாக்கப் படுத்துக் கெடந்தான். தளத்துல ஒரு பல்லி. அதத்தான் பன்னெண்டு நாளும் பாத்தான். திரும்பி வரும்போது கடையில விபூதி வாங்கிப் பொட்டலம் கட்டி எல்லாருக்கும் குடுத்தான், தவசி கண்ண மூடி வாங்கி நெத்தியில பூசிக்கிட்டான், கூறு கெட்ட பய. அந்தக் கூறு கெட்ட பயதான் நாளைக்கு மேஸ்திரி. இப்பக் கனத்த எறக்கி வச்சா, வச்ச கையோட இடுப்பு நிமிரலேன்னா, தவசிக்குத் தெரிஞ்சு போகும், சாயங்காலத்துக்குள்ள லாரி ஸ்டாண்டுல தெரிஞ்சு போகும், மறுநாளு லாரிக்காரன் வந்து தவசிண்ணேன்னு கூப்புடுவான். அண்ணே. அந்தப் பயல. இவன் அப்புறம் ஓரமா ஒக்காந்து கயிறு முறுக்கிக் குடுக்கலாம், ஆளுகளுக்கு டீ வாங்கியாரலாம், எல்லாரையும் மாதிரிப் பேசிக் காட்டலாம், சிரிப்பாங்க. தூக்குறவன் பேசுனா சிரிப்பாங்க. தூக்க முடியாதவன் பேசுனா? அப்பவும் சிரிப்பாங்க. ஆனா அது வேற சிரிப்பு. பதினேழு படி. ஏத்தும்போது கனம் பின்னாலதான் இழுக்கும், தள்ளிரலாம். எறக்கும்போது மேல வந்து ஒக்காரும். பதினேழு. நடுவுல ஒரு திருப்பம். அந்தத் திருப்பத்துலதான் போகும், குச்சி ஒடியிற மாதிரி, வேற யாருக்கும் கேக்காது.

எல்லாம் இந்தாளாலதான். இல்ல, இந்தாளு என்ன செஞ்சாரு? டேப்ப எடுத்துக்கிட்டு வாசலுக்கு வந்தாரு. வந்தாரா இல்லையா? வந்தாரு. வேன்ல இருந்து எறக்குனப்ப, கொஞ்சம் அளந்து பாத்துருவோமா மேஸ்திரின்னு கேட்டாரு. மேஸ்திரின்னு மரியாதையாத்தான் கேட்டாரு. அதுக்கு இவன் என்ன செஞ்சான்? நெஞ்ச நிமித்தி, கைய மேல தூக்கி நடுவெரல் எங்க எட்டுதுன்னு காட்டி, இதான் சார் ஏழடி, பீரோ ஆறரை, அரையடி மிச்சம், எரும மாடே நின்னுட்டுப் போகும்னான். அதோட விட்டானா? மூக்குல கொரல ஏத்தி, எருமையின் வர்க்கமானதுன்னு ஆரம்பிச்சான். தவசி சிரிச்சான், ராக்கப்பன் சிரிச்சான், வேன் டிரைவரு ஸ்டியரிங்குல தலைய வச்சுச் சிரிச்சான், மாப்ளயே சிரிச்சாரு. வாத்தியாரு சிரிக்கல. டேப்பச் சுருட்டிப் பையில போட்டுக்கிட்டு உள்ள போயிட்டாரு. அந்த மூஞ்சி இப்ப ஏன் ஞாபகத்துக்கு வருது? வேலையப் பாரு. அரையடி மிச்சந்தானடா இருந்துச்சு, ஆறரைக்கும் ஏழுக்கும் நடுவுல அரையடி, அது எங்க போச்சு? நிமித்தி வச்சா அரையடி இருக்கும். படுக்க வச்சா இன்னும் நெறைய இருக்கும். நடுவுல, நிமிரும்போது மட்டும், பீரோ வளருதா? இரும்பு வளருமா? முப்பது வருசமா பீரோ தூக்குறேன், பீரோ நடுவுல வளரும்னு ஒரு பய சொல்லலையே. நல்ல ஒசரமான வீடா தூக்கிருக்கோம், அதான் வளந்தது தெரியல போல.

சாக்பீசுச் சத்தம் நின்னுச்சு. வாத்தியாரு பின்னால ரெண்டு எட்டு வச்சுச் சுவத்தப் பாத்தாரு. மொகத்துல ஒரு சந்தோசம், பேரன் பொறந்த மாதிரி. எழுபத்தெட்டு இஞ்சு ஒசரம், அதோட வர்க்கம் ஆறாயிரத்தி எம்பத்தினாலு. முப்பத்தாறு இஞ்சு அகலம், வர்க்கம் ஆயிரத்தி எரநூத்தித் தொண்ணூத்தாறு. கூட்டி மூலம் எடுத்தா எம்பத்தாறுக்கு ஒரு நூலு கம்மி. தளம் எம்பத்தினாலு. மூலைக்கு மூலை ரெண்டு இஞ்சு கூட. அதான் முட்டுது, முட்டத்தான் செய்யும், பிதாகரஸ் ரெண்டாயிரத்தி ஐநூறு வருசத்துக்கு முன்னாடியே சொல்லிட்டாரு, இந்தப் பீரோ இந்த ரூமுல நிமிராதுன்னு. யாருய்யா அந்த பிதாகரஸ், எந்த ஸ்டாண்டு ஆளு, அவன் ஒரு பீரோ தூக்கிருக்கானா, தூக்கிக்கிட்டு ஒரு பொம்பள மணி சொல்லக் கேட்டுருக்கானா? தர்மலிங்கம் துண்டத் தோள்ல போட்டாரு, இந்தத் தடவ எடுக்கல. பத்து இருவத்தொண்ணுன்னு வாத்தியாரம்மா சொல்லுச்சு, கெளப்பச் சொல்லுங்க, கெட்ட நேரத்துல என் வீட்டுல முட்டிக்கிட்டு நிக்க வேணாம்னுச்சு. சோணமுத்துக்கு வாய் தாங்கல. மூச்சுப் போனாலும் போகட்டும்னு கேட்டான், "சார், இம்புட்டுக் கணக்கையும் வாசல்லயே போட்டிருந்தா என் முதுகு தப்பிச்சிருக்கும்ல?"

வாத்தியாரு திரும்பிப் பாக்கல. "போடத்தான் வந்தேன்," அப்படின்னாரு. "நீ என்னைய மாதிரிப் பேசிக் காட்டுன."

மூக்கால இல்ல. தொண்டையால இல்ல. சாதாக் கொரலு. இந்தக் கொரல சோணமுத்து கேட்டதே இல்ல, இதப் பேசிக் காட்ட முடியாது, இதுல பிடிக்கிறதுக்கு ஒரு மூலை கூட இல்ல. ராக்கப்பன் சிரிக்கப் போய் நிறுத்திக்கிட்டான். கால் நடுங்குது. வலது காலு. தவசி அதப் பாக்குறானா? பாக்குறான். பாத்துட்டு வேற பக்கம் பாக்குறான். தெரியுமோ? விபூதிய வாங்கிப் பூசுனானே, அப்பவே தெரியுமோ? அந்த விபூதிப் பொட்டலத்துல கடைப் பேரு அச்சடிச்சிருந்துச்சே, மதுரை டவுன் ஹால் ரோடுன்னு, அதக் கிழிச்சுட்டா குடுத்தேன், கிழிக்காமயா குடுத்தேன்? ஊதுபத்தி தொட்டுருச்சு. தொட்ட எடத்துல இருந்து கால் வழியா எறங்குது, நரம்பப் பிடிச்சு யாரோ வெறகுக்குக் கயிறு சுத்துற மாதிரி. அப்பத்தான் அந்தப் பொண்ணு செம்பக் கீழ வச்சது. வச்ச சத்தம் கேட்டுச்சு, டங்குன்னு. நடந்து வந்து மாமனாரு கையில இருந்த டேப்ப வாங்குச்சு. வாங்குச்சுன்னு சொல்லக்கூடாது, எடுத்துக்கிருச்சு. பீரோவோட முன்பக்கத்துக்கும் முதுகுப் பக்கத்துக்கும் நடுவுல டேப்ப வச்சுப் பாத்துச்சு. இதென்ன கூத்து, நான் இங்க சாகுறேன், இது தீபாவளிக்கு ரவிக்க அளக்குற மாதிரி அளக்குதுன்னு சோணமுத்து நெனச்சான். அப்புறம் சாக்பீசையும் எடுத்துக்கிருச்சு. வாத்தியாரு எழுதுன எழுபத்தெட்ட அப்படியே விட்டுட்டு, முப்பத்தாறு மேல ஒரு அடி அடிச்சுட்டு, பக்கத்துல பத்தொம்போதுன்னு எழுதுச்சு. அதுக்குக் கீழ முன்னூத்தி அறுவத்தொண்ணு. கூட்டி ஆறாயிரத்தி நானூத்தி நாப்பத்தஞ்சு. அதுக்கும் கீழ எம்பது, பக்கத்துல ஒரு கால். கீழ ரெண்டு கோடு. சாக்பீச மாமனாரு கையிலயே வச்சுட்டுப் போய் வாசப்படியில நின்னுக்கிருச்சு, செம்ப எடுத்துக்கிருச்சு, வாயத் தொறக்கல.

வாத்தியாரு வாசிச்சாரு. வெரல மடக்கி வாசிச்சாரு. கண்ணாடியக் கழட்டித் தொடச்சுட்டு இன்னொருக்க வாசிச்சாரு. நான் அகலத்த எடுத்தேன், ஆழத்த எடுத்திருக்கணும், மல்லாக்கச் சாச்சு நிமித்துனா மூலைக்கு மூலை எம்பதே காலுதான், நாலு வெரக்கடை மிச்சம் இருக்குதேன்னு யாருக்கும் சொல்லாமத் தனக்குத்தானே சொன்னாரு. வாத்தியாரம்மா மல்லாக்கங்கிற பேச்சே ஆகாதுன்னுச்சு. வாத்தியாரு அந்தம்மாவப் பாக்கவே இல்ல, சுவத்தத்தான் பாத்தாரு. முப்பத்தஞ்சு வருசம் பொஞ்சாதி பேச்சக் கேட்ட மனுசன், கணக்கு சரியா வந்துட்டா அப்புறம் பொஞ்சாதியாவது ஒண்ணாவது, வெறி பிடிச்ச பய மாதிரி, எறக்குங்க, மல்லாத்துங்க, போகும்னாரு. போகுமாம். முட்டுச்சுன்னா? மறுபடியும் எறக்கணும். எறக்குறதே இப்பப் பெரும்பாடு. ஒண்ணு, ரெண்டுன்னு சொல்லி மூணு பேரும் எறக்குனாங்க, சோணமுத்து முட்டிபோட்டு எறக்குனான், எறக்கிட்டு எந்திரிக்கல, பீரோ காலப் பாக்குற மாதிரிக் குனிஞ்சே கெடந்தான். ஒருத்தருக்கும் தெரியல. தவசி மட்டும், நீங்க காலப் பிடிங்கண்ணே, தலமாட்ட நாங்க ரெண்டு பேரும் தூக்குறோம்னான், காத்துல சொல்லுற மாதிரி, எங்கயோ பாத்துக்கிட்டு. அட நாசமாப் போறவனே. தெரியும். ஐப்பசியில இருந்தே தெரியும். விபூதியக் கண்ண மூடிப் பூசுனது அதுக்குத்தானா. சோணமுத்து, பீரோ காலு தரையில சறுக்காம ரெண்டு பாதத்தையும் முட்டுக் குடுத்து ஒக்காந்துக்கிட்டான். பீரோவ மல்லாத்துனாங்க. கதவுக் கண்ணாடிக்குள்ள தளம் தெரிஞ்சுச்சு, அதுல முட்டுன காயம் தெரிஞ்சுச்சு. தூக்குனாங்க. கண்ணாடிக்குள்ள தளம் ஓடுச்சு, சுவரு ஓடுச்சு, சுவத்துல அந்த எம்பதே காலு ஓடுச்சு, மேல் மூலை தளத்துக்குக் கிட்ட வந்துச்சு, மாப்ள லைட்டக் கூட மறந்துட்டாரு. வந்துச்சு, கிட்ட வந்துச்சு, கை நொழையிற எடத்த விட்டுட்டுத் தாண்டிப் போச்சு. தொடக்கூட இல்ல. தொம்முன்னு நாலு காலும் தரையில ஒக்காந்துச்சு, கண்ணாடிக்குள்ள கடைசியா வந்து நின்னது சோணமுத்து மூஞ்சி, சுண்ணாம்பு பூசி, மீசையெல்லாம் வெள்ளையா, அம்பத்திரண்டு வயசுக்குச் சரியா இருந்துச்சு.

பத்து இருவத்தேழு. நாகசோதி முதல்ல தண்ணிச் செம்ப அவன்கிட்டத்தான் நீட்டுச்சு. அவன் ஒரு கையால கதவப் பிடிச்சுக்கிட்டு, மெல்ல, எலும்பு எலும்பா எந்திரிச்சான். எந்திரிச்சுட்டான். அந்த எடம் எரியுது, ஆனா காலு இருக்கு. தர்மலிங்கம் துண்டால பீரோ மேல இருந்த சாக்பீசுக் கோட்டத் தொடைக்கத் தொடங்குனாரு, பூப்போல, மூலையில இருந்து மூலைக்கு. வாத்தியாரு மட்டும் சுவத்தையே பாத்துக்கிட்டு நின்னாரு. எல்லாம் முடிஞ்சுச்சுன்னு நெனைக்கும்போது வாத்தியாரம்மா நடுவுல வந்துச்சு. நின்னது நின்னுருச்சு, நான் ஒண்ணும் சொல்லல, ஆனா சொன்னத மீறி, புதுப்பொண்ணு ரூமுல, பொணம் மாதிரி மல்லாக்கக் கெடந்த சாமான் இது, பாத்தவங்க இத்தனை பேரு இருக்கீங்க, நாளைக்கு இந்த வீட்டுல ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரால வந்துச்சுன்னு அன்னைக்குத் தெரியும்னு சொல்லிட்டு தர்மலிங்கத்தையும் அவரு மகளையும் ஒரு பார்வை பாத்துச்சு. தர்மலிங்கம் கை நின்னுருச்சு, கோடு பாதியில கெடக்கு. மாப்ள செல்போனப் பாத்தாரு. சோணமுத்து, ஊரையே பேசிக் காட்டுற சோணமுத்து, எதையாச்சும் சொல்லிச் சிரிக்க வச்சுருவோம்னு வாய்க்குள்ள தேடுனான், ஒண்ணுமே இல்ல, சுண்ணாம்புதான் இருந்துச்சு. அப்ப நாகசோதி செம்ப இடுப்புல வச்சுக்கிட்டுச் சொல்லுச்சு, சத்தமே போடாம:

"நேத்து மத்தியானம் கீழ ஹால்ல, எங்கப்பா குடுத்த கட்டில்ல நீங்க மல்லாக்கத்தான் படுத்துத் தூங்குனீங்க, அத்தை. யாரும் அழுகலையே."